இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம்: லேடீஸ் வண்டியும் ஜென்ட்ஸ் வண்டியும்

ஹோண்டா ஆக்டிவாவின் சீட் உயரம் சுமார் 765 மி.மீ. ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் சீட் உயரம் 785 மி.மீ. ஆக்டிவாவின் எடை கிட்டத்தட்ட 106 கிலோ, ஸ்ப்ளெண்டரின் எடை 112 கிலோ. அதாவது நம்ம ஊரில் "லேடீஸ் வண்டி" என்று சொல்லப்படுவதற்கும் "ஜென்ட்ஸ் வண்டி" என்று சொல்லப்படுவதற்கும் நடுவில் இருப்பது இரண்டு சென்டிமீட்டரும் ஆறு கிலோவும். அரிசிக் கடையில் ஒரு சின்னப் பை கூடுதலாக வாங்கினால் ஆறு கிலோ வந்துவிடும்.

இந்த இரண்டு சென்டிமீட்டர் மேல் இவ்வளவு பெரிய சுவர் எப்படி எழும்பியது என்பதுதான் இந்தக் குறிப்பின் கேள்வி. இதற்காகத் தமிழில் வரும் பைக் ரிவ்யூக்களையும், பைக் ஓட்டும் பெண்களைப் பற்றிய மகளிர் தினக் கட்டுரைகளையும் சேர்த்து உட்கார்ந்து பார்த்தேன், படித்தேன். முதல் வகை "ஹைட் கம்மியா இருக்கறவங்களுக்கு இது செட் ஆகாது" என்கிறது. இரண்டாவது வகை "மனசு இருந்தா போதும்" என்கிறது. பார்த்தால் எதிரெதிராகத் தெரியும் இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டுமே அளப்பதில்லை.

என் அளவையும் சொல்லிவிடுகிறேன். உயரம் 151 செ.மீ., எடை 52 கிலோ. காரைக்குடியில் ஓட்டுவது பழைய ஸ்ப்ளெண்டர்.

ரிவ்யூக்காரர் அளக்காதவை

ரிவ்யூக்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். ஓட்டுபவர் வண்டியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையில் ஊன்றிக் காட்டுவார். "என் ஹைட் அஞ்சு ஒன்பது, ரெண்டு காலும் ஃபிளாட்டா இருக்கு பாருங்க." அதோடு அந்தத் தலைப்பு முடிந்தது. இரண்டு பாதமும் முழுசா ஊன்றினால் வண்டி பொருந்தும், ஊன்றாவிட்டால் பொருந்தாது. இதுதான் எழுதப்படாத விதி.

இந்த விதியை ஒரு சராசரிப் பெண் மீது வைத்துப் பார்ப்போம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகளின்படி இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 செ.மீ. அளவில் இருக்கிறது, சரியாகச் சொன்னால் ஐந்தடி. ஐந்தடி உயரமுள்ளவருக்குக் கவட்டிலிருந்து தரை வரை சுமார் 70 செ.மீ. இருக்கும். செருப்பு ஒரு 2 செ.மீ. குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றால் இன்னொரு 8 செ.மீ. கிடைக்கும். மொத்தம் 80. ஸ்ப்ளெண்டரின் 78.5 செ.மீ. சீட்டில் நுனிக்கால் எட்டும், குதிகால் எட்டாது. சரி, ஆக்டிவா? 76.5 செ.மீ. அங்கேயும் நுனிக்கால்தான் எட்டும், குதிகால் எட்டாது. போதாததற்கு ஸ்கூட்டர் சீட் அகலம் வேறு. அகலமான சீட் தொடையை விரிக்கும், விரிந்த கால் தரைக்குப் போக இன்னும் நீளம் வேண்டும்.

ஆக, ரிவ்யூக்காரரின் விதிப்படி ஆக்டிவாவும் சராசரி இந்தியப் பெண்ணுக்குச் "செட் ஆகாது". ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. லட்சக்கணக்கான பெண்கள் தினமும் ஓட்டுகிறார்கள். ஒரு விதி, கண்ணெதிரே தினமும் நடப்பதை நடக்க முடியாது என்று சொன்னால், தவறு விதியில்தான் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் எது காப்பாற்றுகிறது? அதன் வடிவம். சிக்னலில் நிற்கும்போது குட்டையானவர்கள் செய்வதைக் கவனியுங்கள். சீட்டிலிருந்து சறுக்கி முன்னால் வந்து, கால் வைக்கும் பலகைக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். அங்கே சீட் உயரம் என்ற எண்ணுக்கே வேலையில்லை. பைக்கில் முன்னால் டேங்க் இருப்பதால் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒரு காலை முழுசா ஊன்ற வேண்டும். ஆக, வித்தியாசம் எட்டுவதா எட்டாததா என்பதில் இல்லை. எந்தத் திசையில் சறுக்குவது என்பதில் இருக்கிறது. இதை ஒரு மதியத்தில் பழகிக்கொள்ளலாம். ஆனால் ரிவ்யூவில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

அளக்காத இன்னொன்று, சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு. சீட் உயரம் என்று போடுவது ஆள் உட்காராத உயரம். 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் நன்றாக அமுங்கும். 50 கிலோ ஆள் உட்கார்ந்தால் அவ்வளவு அமுங்காது. அப்போ குட்டையான, எடை குறைந்த ஒருவருக்கு அதே வண்டி உண்மையிலேயே உயரமான வண்டி. ரிவ்யூக்காரர் தன் எடையோடு உட்கார்ந்து காட்டும் காட்சி இன்னொருவருக்கு எதையும் நிரூபிப்பதில்லை.

மூன்றாவது, கை. கிளட்ச் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? எந்த விற்பனைத் தாளிலும் இந்த எண் இருக்காது. சின்னக் கைக்கு விரல் நுனியால் மட்டும் லீவரை எட்டிப் பிடிக்க வேண்டி வந்தால், பழைய பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்துவிடும். கால் எட்டாதது நிற்கும்போது மட்டும்தான் தொல்லை. கை எட்டாதது ஓடும்போதும் தொல்லை, பிரேக் பிடிக்கும்போது ஆபத்து. இரண்டில் எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எடையின் கணக்கு

சீட் உயரத்தை மட்டும் பார்த்து வண்டி தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650. சீட் உயரம் 740 மி.மீ. ஆக்டிவாவை விடக் குறைவு! எடை 241 கிலோ.

எடை எப்போது தெரியும்? நேராக நிற்கும்போது தெரியாது, சாயும்போதுதான் தெரியும். ஒரு சின்னக் கணக்கு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி சாயும்போது, அதை விழாமல் தாங்க ஹேண்டில்பாரில் பக்கவாட்டில் கொடுக்க வேண்டிய விசை = எடையில் பாதி × சாய்கோணத்தின் சைன்.

112 கிலோ வண்டி 5 டிகிரி சாய்ந்தால் சுமார் 5 கிலோ, 10 டிகிரியில் 10 கிலோ, 20 டிகிரியில் 19 கிலோ. அதுவே 241 கிலோ வண்டிக்கு 10, 21, 41 கிலோ. 10 டிகிரி வரை ஸ்ப்ளெண்டரை ஒரு தண்ணீர்க் குடத்தைத் தாங்குவது போலத் தாங்கிவிடலாம். கனமான வண்டியில் அதே சாய்வு ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 20 டிகிரியில் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கணக்கிலிருந்து வருவது ஒரே பாடம். குட்டையானவர் பழக வேண்டியது வண்டியைத் தாங்கும் பலத்தை அல்ல, 5 டிகிரிக்கு மேல் சாய விடாத பழக்கத்தை. அது கால் நீளத்தைப் பொறுத்ததில்லை. எங்கே நிறுத்துகிறோம், எப்படி நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

மனசு இருந்தால் போதுமா?

இப்போ எதிர்ப்பக்கம். மார்ச் 8 நெருங்கினால் வரும் கட்டுரைகள். புல்லட்டில் சாய்ந்து நிற்கும் பெண், கூலிங் கிளாஸ், "தடைகளைத் தகர்த்த". நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு வண்டி பழக நினைக்கும் ஒரு பெண்ணுக்கு அதில் என்ன கிடைக்கும்? அந்தப் பெண் சீட்டை வெட்டினாரா? லீவரை மாற்றினாரா? வண்டி விழுந்தால் எப்படித் தூக்குகிறார்? ஒரு வரி இருக்காது. துணிச்சல் இருந்தது, ஓட்டினார் என்று முடியும். படிப்பவர் முயற்சி செய்து வண்டியைச் சாய்த்துவிட்டால், தனக்குத் துணிச்சல் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். கிளட்ச் கேபிளின் கோளாறு மனதின் கோளாறாகிவிடும்.

இந்த வகைக் கட்டுரைகளுக்குப் பிடித்த இன்னொரு உதாரணம் பந்தயம். உண்மைதான், ஸ்பெயினின் ஆனா கர்ராஸ்கோ 155 செ.மீ. உயரம் உள்ளவர். 2018-ல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை வென்றார். தனிநபர் மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் பெண். ஆண்களில் டானி பெட்ரோசா 160 செ.மீ. அளவுதான். மோட்டோஜிபியில் 31 பந்தயங்களை வென்றவர். ஓடும் வண்டியை ஆள உயரம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் பந்தயத்தில் வண்டியைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் உண்டு. பின்னால் தள்ளி நிறுத்த வேண்டியதில்லை. சாக்கோட்டைப் பக்கம் செம்மண் ஓரத்தில் எதிரே பஸ் வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பந்தயம் பாதிக் கேள்விக்குத்தான் விடை. மீதிப் பாதி நிற்பது, திருப்புவது, தள்ளுவது, தூக்குவது. ஜப்பானின் பயிற்சிப் பள்ளிகளில் பைக் கற்க வருபவருக்கு ஆரம்பத்திலேயே படுத்துக்கிடக்கும் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம்ம ஊரில் எட்டுப் போடக் கற்றுக்கொடுப்பதோடு பாடம் முடிகிறது.

புதுக்கோட்டையின் பார் சைக்கிள்

இந்த விஷயத்தில் சரியாகக் கவனித்து எழுதப்பட்ட ஒன்று தேடினால், அது பைக்கைப் பற்றியதாக இல்லை. நமக்குப் பக்கத்து மாவட்டத்துச் சைக்கிளைப் பற்றியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதும் பலருக்குத் தெரிந்த கதை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதினார். 1996-ல் வந்த அவருடைய புத்தகத்திலும் அது இருக்கிறது.

அதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது எண்ணிக்கையை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒரு விவரம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். எடுத்த பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், முன்னால் இருக்கும் அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சேலைக்கு இடைஞ்சல், காலைத் தூக்கிப் போட வேண்டும் என்றுதான் லேடீஸ் சைக்கிளில் பாரை எடுத்தார்கள். பெண்ணை நினைத்து வடிவமைத்தவர் அவள் உடையை நினைத்தார். ஓட்டிய பெண் தன் வேலையை நினைத்தாள். எது பொருந்தும் என்ற கேள்விக்கு இரண்டு பேரிடமும் இரண்டு பதில்கள் இருந்தன. சாய்நாத் ஓட்டியவரின் பதிலைக் கேட்டு எழுதினார். விமர்சனம் என்றால் எனக்கு இதுதான். பொருளை, அதைப் பயன்படுத்துபவரின் நாளோடு சேர்த்துப் பார்ப்பது.

இந்தக் கண்ணோட்டம் அதற்குப் பிறகு வந்த திட்டங்களில் தொடரவில்லை என்பதுதான் என் வருத்தம். 2018 பிப்ரவரி 24-ல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது. நல்ல திட்டம். எங்க பக்கமே பலர் பயனடைந்தார்கள். ஆனால் வண்டி 125 சிசிக்குள் இருந்தால் மட்டும் போதாது, கியர் இல்லாததாகவோ ஆட்டோ கியராகவோ இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். பெண் என்றால் கியர் வேண்டாம் என்பதை யாரும் விவாதித்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை. அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சேலைக் காப்பும் லைசென்ஸும்

இந்திய பைக்கில் பெண்ணை நினைத்து வைக்கப்பட்ட பாகம் ஒன்று உண்டு. பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும் கம்பி, சேலைக் காப்பு. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 123 இதைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்க வேண்டும். பின்னால் உட்காருபவர் என்பதைக் கவனியுங்கள். பல உயிர்களைக் காப்பாற்றும் விதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டியில் பெண்ணின் இடம் எது என்று நாம் நினைத்திருக்கிறோம் என்பதையும் அந்தக் கம்பி சொல்கிறது.

லைசென்ஸில் இதே கதை வேறு வடிவில். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம் கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இரண்டு வகை வைத்திருக்கிறது. ஸ்கூட்டியில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய பெண், சட்டப்படி ஸ்ப்ளெண்டரை ஓட்ட முடியாது. பயிற்சிக்குப் போகும்போது "அக்கா, உங்களுக்கு ஸ்கூட்டியே போதும்க்கா" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள்.

இதில் பந்தயம் என்ன என்று கேட்கலாம். எங்க பகுதியில், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம், வீட்டு ஆம்பளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் குடும்பங்கள் எவ்வளவு என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வண்டி வீட்டில் கவர் போட்டு நிற்கும். பேட்டரி செத்து, டயர் காற்றிறங்கி, ஒரு வருஷம், இரண்டு வருஷம். அந்த வீட்டுப் பெண் பஸ்ஸுக்கு நிற்பார். டவுன் பஸ் இப்போ பெண்களுக்கு இலவசம், பெரிய உதவி. ஆனால் ராத்திரி எட்டரைக்கு மாமியாருக்கு மூச்சுத்திணறினால் பஸ் வராது. புதுசா ஸ்கூட்டர் வாங்க எண்பதாயிரம், ஒரு லட்சம் வேண்டும். வீட்டில் ஓடக்கூடிய வண்டி ஒன்று ஏற்கனவே இருக்கிறது. அதற்கும் அவருக்கும் நடுவில் நிற்பது 20 மில்லிமீட்டரும், லைசென்ஸில் ஒரு வார்த்தையும், "உனக்கு செட் ஆகாது" என்ற வாக்கியமும்.

அதே தெருவில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் காய்கறி மூட்டை வைத்துப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். எக்ஸ்எல்லின் சீட் உயரம் ஸ்ப்ளெண்டரை ஒட்டித்தான் வரும். அவர்களைப் பார்த்து "ஹைட் பத்தாது" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேலைக்கு என்றால் உயரம் போதும் போல.

அப்போ என்னதான் செய்யலாம்

குறை சொல்லிவிட்டு நிறுத்தினால் நானும் அளக்காதவர் கணக்கில் சேர்ந்துவிடுவேன். வீட்டில் நிற்கும் ஒரு 110 கிலோ வண்டியை ஐந்தடி உயரப் பெண் ஓட்டுவதற்கு, செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக:

காசு செலவில்லாதது முதலில். பின் ஷாக் அப்சார்பரில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருந்தால், மிக மென்மையான படிக்கு மாற்றச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, விளையாட்டு அளவைச் சரிசெய்து, லீவரைக் கைக்கு ஏற்ற கோணத்தில் கீழே திருப்பி வைக்கலாம். கியர் லீவரையும் அதன் பல்லில் கழற்றி ஒரு பல் ஏற்றியோ இறக்கியோ மாட்டலாம். பத்து நிமிட வேலை.

அடுத்தது சீட். சீட் கவர் கடையில் கொடுத்து முன்பகுதி ஸ்பாஞ்சை 2 செ.மீ. குறைத்து, தொடை படும் இரண்டு ஓரத்தையும் செதுக்கச் சொல்லுங்கள். உயரத்தைக் குறைப்பதைவிட ஓரத்தைச் செதுக்குவதில்தான் பலன் அதிகம். அடித்தகடு தட்டும் அளவுக்கு வெட்டினால் முதுகு போய்விடும்.

கடைசியாக, முடிந்தால் தவிர்க்க வேண்டியது, சஸ்பென்ஷனையே இறக்குவது. பின்னால் மட்டும் இறக்கினால் ஹேண்டில் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், வேகத்தடையில் அடிப்பாகம் உரசும். எல்லாவற்றையும்விட, சைடு ஸ்டாண்டு அந்த உயரத்துக்கு நீளமாகிவிடும். வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், யாராவது லேசாக இடித்தால் மறுபக்கம் விழுந்துவிடும்.

பிறகு பழக்கம். நம்ம சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும், மழைத்தண்ணீர் வடிய. நாம் இடப்பக்கம் போகிறோம். ஊன்றுவது இடது கால். ஆக ஓரத்துக்குப் போகப் போக இடது காலுக்குத் தரை கீழே இறங்கிக்கொண்டே போகும். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் அரையடிப் பள்ளம் வேறு இருக்கும். உயரமானவருக்கு இது தெரியாது. குட்டையானவர் விழுவது பெரும்பாலும் இங்கேதான். விளிம்பிலிருந்து ஒரு மூன்றடி உள்ளேயே, பின்னால் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். நிற்பதற்குச் சற்று முன்பே இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி, இடது காலை முழுசா ஊன்றி, வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். நின்ற பிறகு ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். திருப்பியபடி முன் பிரேக்கை அழுத்தினால் எந்த வண்டியும் சாயும்.

வண்டியை விடும்போதே எடுப்பதை நினைத்து விடுங்கள். வாசல் சரிவில் மூக்கு கீழே இருக்க நிறுத்தினால், பின்னால் இழுக்க இரண்டு பேர் வேண்டும். விழுந்தால் ஹேண்டிலைப் பிடித்து இழுக்காதீர்கள். என்ஜினை அணைத்து, கியரில் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்துப் பின்னோக்கி அடியடியாக நடந்து எழுப்புங்கள். தூக்குவது தொடைதான், கையல்ல.

ரிவ்யூ செய்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாலே நாலு விஷயம் அளந்து சொல்லுங்கள். சீட்டின் முன்பகுதி அகலம், 50 கிலோ ஆள் உட்கார்ந்தபின் சீட் உயரம், கைப்பிடியிலிருந்து கிளட்ச் லீவருக்கு உள்ள தூரம், சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்த ஆகும் விசை. ஒரு டேப்பும் ஒரு ஸ்பிரிங் தராசும் போதும். "செட் ஆகுமா" என்ற முடிவைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். எண் கையில் இருந்தால் அவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

லைசென்ஸ் எடுக்கப்போகும் பெண்களிடமும் ஒன்று. ஓட்டப்போவது ஸ்கூட்டர்தான் என்றாலும் கியர் வண்டியில் எட்டுப் போட்டு வாங்கிவிடுங்கள். வீட்டில் எந்த வண்டி நிற்கிறதோ அதை எடுக்கலாம்.